பச்சைப்பிள்ளையின் படுக்கை: பார்சலில் வந்தவையும் வீட்டில் இருந்தவையும்

மாசி மாதம் தங்கச்சிக்குப் பிள்ளை கிடைத்தது. முப்பத்தொன்று கழிய முன்னமே கனடாவில் இருக்கிற சித்தியின் பெட்டி வந்து சேர்ந்துவிட்டது. கிளிநொச்சியில் இருந்து ஓட்டோவில் ஏற்றி வட்டக்கச்சி வீட்டுக்குக் கொண்டுவந்து, விறாந்தையில் வைத்து உடைத்தோம். வெளிர் மஞ்சளில் தடித்த பஞ்சுப் போர்வை ஒன்று, அதே துணியில் சின்னத் தலையணை, தொட்டில் கம்பிகளைச் சுற்றி றிபனால் கட்டுகிற பஞ்சுத் தடுப்பு, இரண்டு கரடிப் பொம்மை. அம்மா போர்வையை அமத்திப் பார்த்தார், கை மணிக்கட்டு வரை புதைந்தது. புதைந்த கையை எடுக்காமலே கொஞ்ச நேரம் இருந்தார். தம்பி பிறந்தது 2008 கடைசியில், ஊர் ஊராக இடம்பெயர்ந்துகொண்டிருந்த நாட்களில். அவனை வளர்த்தியது தறப்பாளுக்குக் கீழே, மடித்த சாறம் ஒன்றின் மேல். அந்த அம்மாவுக்கு இந்தப் பெட்டி எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அன்று பின்னேரமே எல்லாவற்றையும் தொட்டிலில் போட்டு அடுக்கினோம். மூன்றாம் நாள் குடும்பநல உத்தியோகத்தர், நாங்கள் மிட்வைப் மிஸ் என்று கூப்பிடுகிறவர், வந்தார். பிள்ளையை நிறுத்தார், தொப்புளைப் பார்த்தார், பிறகு தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு "இதெல்லாத்தையும் எடுங்கோ பிள்ளை, மெத்தையும் விரிப்பும் மட்டும் இருக்கட்டும்" என்றார். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. மிஸ்ஸுக்கு அன்று இன்னும் நாலு வீடு போகவேண்டியிருந்தது, காரணம் விரித்துச் சொல்ல நேரமில்லை. அந்தக் காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். காரணம் தெரியாமல் எடுத்த தலையணை அடுத்த நாளே திரும்பத் தொட்டிலுக்குள் வந்துவிடும், எங்கள் வீட்டில் வந்தது.

பச்சைப்பிள்ளையின் தலை அதன் உடம்பு நீளத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. அவ்வளவு பாரத்தைத் தூக்கித் திருப்ப முதல் மூன்று நாலு மாதம் கழுத்துக்குப் பலம் போதாது. முகம் பஞ்சுக்குள் புதைந்தால் மூக்கு முழுதாக அடைபட வேண்டும் என்றுகூட இல்லை. விட்ட மூச்சு அந்தப் பஞ்சுக்குள்ளேயே தங்கி நிற்கும், பிள்ளை அதையே திரும்பத் திரும்ப இழுக்கும், ஒவ்வொரு இழுப்பிலும் ஒட்சிசன் குறைந்துகொண்டு காபனீரொட்சைட்டு கூடிக்கொண்டு போகும். நாங்கள் என்றால் நித்திரையிலேயே தலையைத் திருப்பிவிடுவோம், இல்லாவிட்டால் திடுக்கிட்டு எழும்புவோம். அப்படி எழுப்பிவிடுகிற வேலை மூளைத்தண்டினுடையது. சில பிள்ளைகளில் அது இன்னும் முதிராமல் இருக்கிறது, எந்தப் பிள்ளையில் என்று வெளியில் பார்த்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. ஆகவே அழும், சத்தம் கேட்டதும் ஓடிப்போய்த் தூக்கலாம் என்ற நம்பிக்கை இந்த விஷயத்தில் உதவாது. சத்தமே இல்லாமல் நடந்து முடிகிறது. தொட்டில் மரணம் என்றும் திடீர்க் குழந்தை இறப்பு என்றும் சொல்லப்படுகிற இறப்புகளில் பெரும்பங்கு முதல் 6 மாதத்துக்குள், அதிலும் 2 முதல் 4 மாத வயதில்தான் கூடுதலாக நடக்கின்றன.

மேற்கு நாடுகளில் ஒரு காலம் டொக்டர்மாரே பிள்ளையைக் குப்புற வளர்த்தச் சொன்னார்கள், சத்தி எடுத்தால் புரையேறிவிடும் என்ற பயத்தில். 1980களின் கடைசியில் நியூசிலாந்தில் செய்த பெரிய ஆய்வுதான் அந்தப் பழக்கத்தை அசைத்தது. இங்கிலாந்தில் 1991இல் ஆன் டைமண்ட் என்ற தொலைக்காட்சி அறிவிப்பாளர் தன் கைக்குழந்தையை இப்படிப் பறிகொடுத்து, பிறகு அவரே முன்னுக்கு நின்று நடத்திய பிரசாரத்தில் பிள்ளையை மல்லாக்க வளர்த்துங்கள் என்ற ஒரு சொல் வீடு வீடாகப் போனது. அமெரிக்காவில் 1994இல் அதே பிரசாரம் தொடங்கியது. இந்த நாடுகளில் இறப்புகள் சில வருடங்களுக்குள் பாதிக்குக் கிட்டக் குறைந்தன, மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை, பிள்ளையைத் திருப்பிப் போட்டதுதான்.

மல்லாக்கக் கிடந்தால் பால் கக்கும்போது புரையேறாதா என்று அம்மா கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் மல்லாக்கக் கிடக்கிற பிள்ளையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கிறது, கக்கின பால் மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போகவேண்டும் என்றால் அதற்குப் பாடு. குப்புறக் கிடந்தால் இது தலைகீழ். பால் கொடுத்து, தோளில் போட்டு ஏவறை எடுத்துவிட்டு, மல்லாக்க வளர்த்தினால் சரி. வாயு பிடித்தால் குப்புறப் போடுகிற வழக்கம் எங்களிடமும் உண்டு. மடியில் குப்புறப் போட்டு முதுகைத் தடவலாம், நித்திரைக்கு வேண்டாம்.

அந்த றிபன் கட்டிய பஞ்சுத் தடுப்புக்கு ஒரு கதை இருக்கிறது. முந்திய காலத் தொட்டில்களில் கம்பிக்குக் கம்பி இடைவெளி கூட, பிள்ளையின் உடம்பு வெளியே நழுவித் தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதை மறைக்கத்தான் சுற்றிவரப் பஞ்சு கட்டினார்கள். 1973இல் அமெரிக்கா இடைவெளி 6 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்று விதி போட்டது. அதோடு பஞ்சுத் தடுப்பின் வேலை முடிந்துவிட்டது, ஆனால் வடிவாக இருந்ததால் விற்பனை முடியவில்லை. பிள்ளைகள் அதில் முகம் புதைத்தும், அதற்கும் மெத்தைக்கும் நடுவில் சிக்கியும், கட்டுகிற நாடாவில் கழுத்து மாட்டியும் இறந்தார்கள். கடைசியில் 2022 மே மாதம் அமெரிக்கா அதைத் தயாரிப்பதையும் விற்பதையும் சட்டம் போட்டே நிறுத்தியது, கனடாவின் சுகாதாரத் திணைக்களமும் அதைப் பாவிக்கவேண்டாம் என்றுதான் சொல்கிறது. வெளிநாட்டில் இருந்து வந்தது, ஆகவே பாதுகாப்பானதாகத்தான் இருக்கும் என்று எங்கள் ஆட்கள் நினைப்பதால் இவ்வளவு விபரமாக எழுதுகிறேன். அங்கே ஒதுக்கப்பட்ட சாமான் அன்போடு சேர்த்துப் பொதி கட்டப்பட்டு இங்கே வந்து சேருகிறது, அனுப்புகிறவருக்கும் அது தெரிவதில்லை.

தொட்டில் வாங்குவதைவிட ஊரில் தச்சரிடம் செய்விக்கிறவர்கள் வன்னியில் கூட. நல்லதுதான், முதிரையிலும் வேம்பிலும் செய்த தொட்டில் மூன்று பிள்ளைக்கு நிற்கும். ஆனால் அளவை நாங்கள்தான் சொல்லவேண்டும். கம்பி இடைவெளி 6 சென்ரிமீற்றர், அதற்கு மேல் வேண்டாம். செய்து முடிந்ததும் குளிர்பானப் பேணி ஒன்றைக் கம்பிகளுக்கு இடையால் விட்டுப் பாருங்கள், பேணி நுழைந்தால் இடைவெளி கூட. மூலைக் கால்களின் தலையில் குமிழ் கடைந்து அழகு செய்வார்கள், பிள்ளையின் உடுப்பு அதில் கொழுவித் தொங்கும் ஆபத்து இருப்பதால் அந்தக் குமிழ் வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். ஒரு பக்கம் மேலும் கீழும் இறங்குகிற மாதிரித் தொட்டில் செய்யவும் கேட்கக்கூடாது. அந்த வகையை அமெரிக்கா 2011இல் தடை செய்துவிட்டது, பூட்டு கழன்று பலகை இறங்கிப் பிள்ளைகள் இடையில் நசிந்ததால்.

மெத்தை தொட்டிலுக்கு அளவாக இருக்கவேண்டும். ஓரத்தில் இரண்டு விரலுக்கு மேல் இடம் விட்டால் பிள்ளையின் முகம் அதற்குள் போய்விடும், ஆகவே தொட்டில் செய்ய முன்னமே மெத்தையை வாங்கி அதன் அளவைத் தச்சரிடம் கொடுப்பது புத்தி. மெத்தை இறுக்கமாக இருக்கவேண்டும். உள்ளங்கையால் நல்லாக அமத்திவிட்டுக் கையை எடுத்தால் பள்ளம் உடனே நிரம்பவேண்டும், கையின் அச்சு நின்றால் பிள்ளைக்கு அது கூடாது. இலவம்பஞ்சு மெத்தை ஊரில் நல்ல பெயர் எடுத்தது, ஆனால் பாவிக்கப் பாவிக்கப் பஞ்சு ஒதுங்கி நடுவில் குழி விழும், பச்சைப்பிள்ளைக்கு நான் அதைத் தெரிவு செய்யமாட்டேன்.

மெத்தையைச் சுற்றி வருகிற பொலித்தீனைக் கழற்றாமல் வைத்திருக்கிற வீடுகள் எத்தனை! மூத்திரம் படாமல் இருக்கட்டும் என்று நினைத்துச் செய்வது. அந்தப் பொலித்தீன் தளர்ந்து ஓரத்தில் எழும்பி மூக்கில் ஒட்டினால் பிள்ளையால் அதைத் தட்டிவிட முடியாது. வாங்கி வந்த அன்றைக்கே கழற்றி, வெட்டி எறிந்துவிடுங்கள். மூத்திரம் ஊறாமல் இருக்கப் பாமசியில் தடித்த ரப்பர் சீற் விற்கிறார்கள். அதை மெத்தையில் இழுத்து விரித்து, மேலே நூல் துணியைப் போட்டு, நாலு மூலையையும் மெத்தைக்கு அடியில் கொண்டுபோய் முடிச்சுப் போட்டுவிட்டால் நகராது.

விரிப்புக்கு அம்மம்மா காலத்துப் பழைய நூல் சீலையை மிஞ்ச ஒன்றும் இல்லை. தங்கச்சி இரண்டு சீலையைக் கிழித்து ஆறு விரிப்பு தைத்தாள், கரையை மடித்து, நூல் தொங்காமல். நூறு தரம் தோய்த்த துணி, வியர்வையை இழுக்கும், ஒரு வெயிலில் காய்ந்துவிடும்.

பன்பாயின் மேல் ஒரு மடிப்புச் சீலை, அதன் மேல் மல்லாக்க ஒரு பிள்ளை, வேறொன்றும் இல்லை. அம்மம்மாமார் செய்து வந்த இந்தப் படுக்கைதான் இன்றைக்குக் குழந்தை வைத்தியர்கள் கேட்கிற சமதளமான, இறுகிய, வெறுமையான படுக்கைக்குக் கிட்ட நிற்கிறது. இல்லாமையில் வந்த வழக்கம் என்று நினைத்துக் கூச்சப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கூச்சம் தேவையில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது தம்பியின் சாறத்தைப் பற்றித்தான் திரும்பக் கேட்டார், அது அவனுக்குக் குறை இல்லையா என்று. இல்லை அம்மா, குறை வேறெங்கோ இருந்தது, அந்தச் சாறத்தில் இல்லை.

சரி, இப்போது ஏணைக்கு வருவோம். இதுதான் எழுதக் கஷ்டமான இடம்.

வீட்டு வளையில் கயிறு போட்டுச் சீலையில் கட்டுகிற ஏணையில் ஆடாமல் வன்னியில் வளர்ந்தவர்கள் குறைவு. என்னையும் அம்மம்மா அதில்தான் ஆட்டினார். பிள்ளை உடனே நித்திரையாகிறது, எறும்பு ஏறாது, தாய் ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மற்ற வேலையைப் பார்க்கலாம். ஆனால் சீலைக்குள் கிடக்கிற பிள்ளையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். முதுகு வில்லாக வளைந்து, பாரமான தலை முன்னுக்குச் சரிந்து, நாடி நெஞ்சில் முட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளையின் மூச்சுக்குழாய் மெல்லியது, மடிந்தால் அடைபடும், தண்ணீர்க் குழாயை மடித்தால் நடப்பதுபோல. பிள்ளை ஒருக்களித்தால் முகம் நேரே துணியில் பதியும், இரண்டு பக்கச் சீலையும் மேலே வந்து மூடிக்கொள்ளும். வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு ஏணை அசையாமல் தொங்குகிறது, பிள்ளை நல்ல நித்திரை என்றுதான் தெரியும். பஞ்சுத் தடுப்பைத் தடை செய்த அதே 2022 சட்டம் 10 பாகைக்கு மேல் சரிந்த பிள்ளைப் படுக்கைகளையும் தடை செய்தது இதே காரணத்துக்காகத்தான். அங்கே அது பிளாஸ்ரிக் சாய்வுத் தொட்டில், இங்கே சீலை, வளைகிற கழுத்து ஒன்று.

ஏணையே வேண்டாம் என்று எழுத எனக்கு மனமில்லை, எழுதினாலும் வீடுகளில் கேட்கமாட்டார்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: ஆட்டி நித்திரையாக்க ஏணை, நித்திரை கொள்ளப் பாய். கண் சொருகினதும் தூக்கிப் பாயில் மல்லாக்க வளர்த்துங்கள், முதல் கிழமை எழும்பி அழும், பிறகு பழகிவிடும். பகலில் கொஞ்ச நேரம் ஏணையில் விட்டாலும் குறுக்குத் தடி கொடுத்துச் சீலையை விரித்து வையுங்கள், முகம் தெரிகிற தூரத்தில் ஒருவர் இருக்கவேண்டும், இரவில் வேண்டவே வேண்டாம். பிரளத் தொடங்கின பிள்ளைக்கு ஏணை முடிந்தது. வெறும் ஏணையை மேலே சுருக்கிக் கட்டிவிடுங்கள், ஏனென்றால் ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த சம்பவங்கள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

பாய் என்றதும் எங்கள் இடத்தில் வருகிற பயம் வேறு. மேற்கு நாட்டு அறிவுரைகளில் கட்டுவிரியன் பாம்பு இல்லை. இலங்கையின் வறண்ட பகுதிகளில் இரவில் நிலத்தில் படுக்கிறவர்களைத் தீண்டுவது பெரும்பாலும் அதுதான், கடித்த இடம்கூடச் சில வேளை தெரியாது. ஆகவே நுளம்பு வலையை அழகுக்குத் தொங்கவிடாமல் சுற்றிவரப் பாய்க்கு அடியில் செருகவேண்டும். செருகிய வலை பாம்பையும் தடுக்கும், பூரானையும் தடுக்கும், நுளம்பையும் தடுக்கும். 2016இல் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது, ஆனால் டெங்கு நிற்கிறது, டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், ஆகவே பகல் நித்திரைக்கும் வலை வேண்டும். வலை நாலு மூலையிலும் இழுபட்டு விறைப்பாக நிற்கவேண்டும், தொய்ந்து முகத்தில் விழுகிற வலையும் ஒரு துணிதான். குடை மாதிரி மடிகிற சின்ன வலைகள் முதல் மூன்று மாதத்துக்கு நல்ல வசதி, பிள்ளை கையால் பிடித்து இழுக்கத் தொடங்கினதும் பெரிய வலைக்கு மாறிவிடுங்கள்.

நுளம்புக்குப் புகை போடுவதை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நுளம்புத்திரி, பொச்சுமட்டைப் புகை, குளிப்பாட்டினதும் சாம்பிராணி, எல்லாம் அந்தச் சின்ன நெஞ்சுக்குள்தான் போகிறது. வீட்டுக்குள் சிகரெட்டும் பீடியும் பற்றிச் சொல்லவே தேவையில்லை, தொட்டில் மரணத்தோடு மிக நெருக்கமாகத் தொடர்புபட்ட காரணங்களில் புகை ஒன்று.

இங்கிலாந்தில் பிள்ளை படுக்கிற அறையின் வெப்பம் 16 முதல் 20 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும் என்கிறார்கள். வன்னியில் கச்சான் அடிக்கிற மாதங்களில், அதிலும் தகரக் கூரைக்குக் கீழே, அந்த அளவு நடுச்சாமத்திலும் வராது. சூடு கூடுவதும் அந்த இறப்புகளுக்கு ஒரு காரணம் என்பதால் எங்களுக்குப் போர்வையைப் பற்றிய கேள்வியே குறைவாக இருக்கவேண்டும், ஆனால் பிள்ளைக்குக் குளிரும் என்ற பயத்தில் தொப்பி, கால்மேசு, துவாய் எல்லாம் சுற்றி, பிள்ளை சிவந்து வியர்த்துக் கிடக்கும். கையும் காலும் சில்லென்று இருப்பது பச்சைப்பிள்ளைக்கு இயல்பு, அதை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். பிடரியிலோ நெஞ்சிலோ கையை வையுங்கள், வியர்வை பட்டால் ஒரு துணியைக் கழற்றலாம். வீட்டுக்குள் தொப்பி வேண்டாம், பிள்ளை சூட்டை வெளியே விடுவது கூடுதலாகத் தலையால்தான் (நிறை குறைந்து பிறந்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் சொன்னபடி செய்யுங்கள், அது வேறு). மார்கழி தைப் பனிக்கு நீளக்கைச் சட்டையும் காற்சட்டையும் போதும். போர்த்தித்தான் ஆகவேண்டும் என்றால் மெல்லிய துணி ஒன்று, கக்கத்துக்கு மேல் வராமல், மூன்று பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகி.

தாயும் பிள்ளையும் ஒரே பாயில் படுப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் ஒரே அறை, வேறு படுக்கை, குறைந்தது 6 மாதம் என்கிறது. நானும் அதைத்தான் சொல்வேன், தாயின் பாய்க்குப் பக்கத்தில் பிள்ளைக்கு ஒரு சின்னப் பாய், கை எட்டுகிற தூரம், ஒரே பெரிய வலைக்குள். ஆனால் இராப் பால் கொடுத்துக் களைத்த தாய் அப்படியே கண்ணயர்ந்துவிடுவாள் என்பதும் உண்மை. அந்த இடத்தில் ஆபத்தைக் கூட்டுவது எது என்று தெரிந்திருக்கவேண்டும்: குடித்திருப்பவர் பக்கத்தில் படுப்பது, புகைப்பவர் படுப்பது, நித்திரை வரும் மருந்து எடுப்பது, மெத்தென்ற மெத்தையும் தலையணைகளும், சோபாவில் பிள்ளையோடு சாய்வது, நாள் முந்தியோ 2.5 கிலோவுக்குக் குறைந்தோ பிறந்த பிள்ளை. இதில் ஒன்று இருந்தாலும் ஒரே படுக்கை வேண்டாம். தகப்பனுக்கும் தாய்க்கும் நடுவில் பிள்ளையைப் போடுகிற வழக்கத்தையும் விடுங்கள். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரத்தில், பிள்ளையோடு படுக்கிற வழக்கமுள்ள பாகிஸ்தானியக் குடும்பங்களில் இந்த இறப்புகள் வெள்ளைக்காரக் குடும்பங்களைவிடக் குறைவாக இருந்ததை ஆராய்ந்தவர்கள், அங்கே தாய்மார் புகைக்காததையும் குடிக்காததையும் சோபாவில் படுக்காததையும் கண்டார்கள்.

நியூசிலாந்தில் மாவோரி மக்கள் நார்ச்செடி இலையில் பின்னிய வஹாகுரா என்ற சின்னக் கூடைப்படுக்கையை 2000களின் நடுவில் கொண்டுவந்தார்கள். பெற்றோரின் படுக்கையிலேயே வைக்கலாம், ஆனால் பிள்ளைக்குத் தனி இடம், அடி தட்டை, ஓரம் தாழ்வு. படத்தைப் பார்த்ததும் எனக்குக் கடகம் இழைக்கிற கைகள்தான் ஞாபகம் வந்தன. எங்கள் பனையோலைக்காரர்கள் இப்படி ஒன்று பின்னினால், கரை குத்தாமல் துணி சுற்றி, எத்தனை வீட்டுக்கு உதவும்!

இன்னொன்று, கழுத்தில் கிடப்பவை. முப்பத்தொன்றுக்குப் போட்ட பஞ்சாயுதம், கறுப்புக் கயிறு, சூப்பியைக் கட்டித் தொங்கவிட்ட நாடா, எல்லாம் நித்திரைக்கு முன் கழுத்தில் இருந்து கழற்றவேண்டும். அரையில் கட்டிய நாண் தளர்வாக இருந்தால் பரவாயில்லை. கண்ணூறுக்கும் பயத்துக்கும் தலைமாட்டில் சத்தகமோ இரும்புத் துண்டோ வைப்பது பெரியவர்களின் நம்பிக்கை, அதோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை, தொட்டிலுக்குக் கீழே நிலத்தில் வையுங்கள் என்றால் கேட்பார்கள். எங்கள் அம்மா கேட்டார்.

தலை தட்டையாகிவிடும், தலையணை வேண்டாமா என்பதுதான் அம்மாவின் கடைசிக் கேள்வி. மண்டை ஓடு மெத்தென்றுதான் இருக்கும், ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தால் தட்டையாகும். தலையணையால் அது திருந்தாது. ஒரு நாள் தலைமாட்டை இந்தப் பக்கம், அடுத்த நாள் அந்தப் பக்கம் மாற்றிப் போட்டால் பிள்ளை வெளிச்சத்தைத் தேடித் தலையை மாறி மாறித் திருப்பும். அதோடு விழித்திருக்கும் நேரத்தில், ஆள் பக்கத்தில் இருக்க, கொஞ்ச நேரம் குப்புற விட்டால் கழுத்தும் பலப்படும்.

சித்தியின் போர்வைக்கு அப்படித்தான் வேலை கிடைத்தது. காலமை பத்து மணிக்கு விறாந்தைச் சீமெந்தில் அதை இரண்டாக மடித்து விரித்து, தங்கச்சி பக்கத்தில் குந்தியிருக்க, மருமகன் அதன் மேல் குப்புறக் கிடந்து தலையைத் தூக்கப் பார்க்கிறான், இரண்டு செக்கன் நிற்கும், பிறகு பொத்தென்று நாடி விழும். வீடியோ கோலில் சித்தி அதைப் பார்த்துவிட்டு, "இராவைக்குப் போர்த்திறேல்லையோ?" என்று கேட்டார். தங்கச்சி தொலைபேசியைத் திருப்பித் தொட்டிலைக் காட்டினாள், மெத்தை, அம்மம்மாவின் சீலை, வலை. ஏன் என்று நான் முழுக்கச் சொன்னேன், அங்கே அவவின் மகளுக்கும் ஆவணியில் பிள்ளை கிடைக்க இருக்கிறது.